தினமும் 450 லிட்டர் விட்டும் புல் திட்டுத் திட்டாகக் காய்கிறது: கோடையில் எங்கே குறைப்பது?

முற்றத்துப்புல் கேட்டது:

10 மீட்டருக்கு 6 மீட்டர் புல்தரை. அருகம்புல் இனம்தான். மண் களிப்பாங்கு, காய்ந்தால் வெடிப்பு விடும், நனைந்தால் செருப்பில் அப்பிக்கொள்ளும். மோட்டார் லைனில் ஹோஸ் மாட்டி, முனையில் சுழல் தெளிப்பான் வைத்து தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஓட்டுகிறோம். தெளிப்பானை மாட்டியபடியே வாளிக்குள் பிடித்து அளந்தால் 10 லிட்டர் 40 வினாடியில் நிறைகிறது. அதாவது நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 450 லிட்டர். இருபது நிமிடம் தாண்டினால் தண்ணீர் நடைபாதைக்கு வழிகிறது. அப்படியும் மூன்று இடங்களில் புல் வைக்கோல் நிறமாகிவிட்டது.

இது தவிர 12 மீட்டர் நீளச் செம்பருத்தி வேலி, ஒரு எலுமிச்சை (கிளை விரிந்த அகலம் 2.5 மீட்டர்), தேங்காய் நார்க்கழிவு கலவையில் 20 தொட்டிச் செடிகள். இவற்றுக்கு மேல்தொட்டிக் குழாய். மேல்தொட்டியின் அடிமட்டம் தரையிலிருந்து 5 மீட்டர் உயரம்.

புல்லுக்கு இன்னும் கூட்ட வேண்டுமா, குறைக்கலாமா? மேல்தொட்டி அழுத்தத்துக்குச் சொட்டு நீர் வேலை செய்யுமா? தொட்டிகளுக்கு ஒரு நாளில் இரண்டு முறை ஊற்றியும் மதியம் வாடுகின்றன, ஏன்?

---

வேர்மட்டம் பதில்:

முதலில் நிமிடக் கணக்கை விட்டுவிட்டு மி.மீ. கணக்குக்கு வாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் பரவினால் அது 1 மி.மீ. உங்கள் தரை 60 சதுர மீட்டர். 450 லிட்டர் என்றால் 7.5 மி.மீ.

நல்ல வெயில் நாளில், காற்றும் வறண்டிருந்தால், ஆவியாதலின் அடிப்படை அளவு 6 முதல் 7 மி.மீ. அருகம்புல் மாதிரி வெப்பகாலப் புல் அதில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத்தான் உறிஞ்சும். அதாவது நாளுக்கு 4 மி.மீ., உங்கள் தரைக்கு 240 லிட்டர். தேவையைப் போல இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே கூட்டுவது தீர்வு அல்ல. ஊற்றியது சமமாக விழவில்லை, விழுந்ததில் ஒரு பகுதி வழிந்து போகிறது, மிச்சம் மேல்மண்ணிலேயே நிற்கிறது. இந்த மூன்றில் முதலாவதுதான் அந்த வைக்கோல் நிறத் திட்டுகளுக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதை உறுதி செய்ய எட்டு டப்பா போதும். எல்லாம் ஒரே அளவு, பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். வாய் 10 செ.மீ. அகலமுள்ள டப்பா என்றால் கணக்குச் சுலபம்: 8 மி.லி. சேர்ந்தால் 1 மி.மீ. தரை முழுக்கப் பரவலாக வையுங்கள். காய்ந்த திட்டு ஒவ்வொன்றிலும் கட்டாயம் ஒன்று. காற்றில்லாத நேரத்தில் 15 நிமிடம் ஓட்டி, மருந்து ஊசிக் குழாயால் உறிஞ்சி ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள்.

உதாரணத்துக்கு எட்டு டப்பாவில் 6, 5, 5, 4, 4, 3, 2, 1 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 3.75. மிகக் குறைந்த இரண்டின் சராசரி 1.5. இரண்டையும் வகுத்தால் 0.4. இதுதான் சீர்மை எண். 0.7க்கு மேல் இருந்தால் தெளிப்பானுக்கு நல்லது, 0.5க்குக் கீழே போனால் தண்ணீரைக் கூட்டிப் பயனில்லை. ஏனென்றால், காய்ந்த மூலைக்கு 12 மி.மீ. கிடைக்க வேண்டுமானால் தரை முழுக்கச் சராசரி 30 மி.மீ. ஊற்ற வேண்டும், அதாவது 1,800 லிட்டர். அதையே 0.75க்குக் கொண்டுவந்தால் 16 மி.மீ., 960 லிட்டரில் முடிந்துவிடும். இந்த ஒரு திருத்தத்தில் மிச்சமாவதுதான் பெரிய மிச்சம்.

திருத்துவது எப்படி? ஒரே இடத்தில் தெளிப்பானை வைத்து முழு நேரம் ஓட்டாதீர்கள். சுழல் தெளிப்பான் நடுவில் ஒரு அளவும் விளிம்பில் வேறு அளவும் போடும். இரண்டு இடம் குறித்து, பாதி நேரம் இங்கே, பாதி நேரம் அங்கே. ஒன்றின் விளிம்பு மற்றதன் அடிவரை எட்ட வேண்டும். தெளிப்பான் சாய்ந்து நின்றாலும், ஒரு துளையில் மணல் அடைத்திருந்தாலும் அந்தப் பக்கம் மட்டும் வறளும். செம்பருத்திக் கிளை குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் பின்னால் தண்ணீர் விழவே விழாது. மாற்றிய பிறகு மறுபடி டப்பா வைத்துப் பாருங்கள்.

அடுத்தது, எத்தனை நாளைக்கு ஒரு முறை. களிப்பாங்கான மண் 10 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 16 மி.மீ. தண்ணீரைச் செடிக்குக் கிடைக்கும்படி பிடித்து வைத்திருக்கும். வேர் 15 செ.மீ. இருந்தால் 24 மி.மீ. அதில் பாதி தீர்ந்ததும் ஊற்ற வேண்டும் என்பது வழக்கமான வரம்பு. பாதி 12 மி.மீ., நாளுக்கு 4 மி.மீ. செலவு, ஆக மூன்று நாளைக்கு ஒரு முறை. இப்போது நீங்கள் மூன்று நாளில் செலவழிப்பது 1,350 லிட்டர். சீர்மை 0.75 வந்தால் 960 போதும்.

ஆனால் நாளையே மூன்று நாள் இடைவெளிக்குத் தாவிவிடாதீர்கள். தினமும் மேலாக நனைத்துப் பழகிய புல்லின் வேர் 5 செ.மீ.க்குள்ளேயே சுருண்டு கிடக்கும். மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆப்பு வடிவில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே இரண்டு விரல்கடை கறுப்பாக, ஈரமாக, வெள்ளை வேர் பின்னிக் கிடக்கும். அதற்குக் கீழே மண் வெளிறி, உடைத்தால் கட்டியாகப் பிளக்கும், வேரே இருக்காது. அந்தக் கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் தண்ணீர் இதுவரை எட்டிய ஆழம். பார்த்ததும் துண்டைத் திரும்பப் பதித்து மிதித்துவிடுங்கள். முதல் பத்து நாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு மூன்று நாள். நடந்து போனால் காலடித் தடம் நிமிராமல் அப்படியே படிந்து நிற்பதும், பச்சை மங்கிச் சாம்பல் நீலம் படிவதும்தான் 'இப்போது ஊற்று' என்ற அடையாளம். அதற்கு முன்னால் ஊற்றத் தேவையில்லை.

வழிந்தோடுவதற்குக் காரணம் வேகம். உங்கள் தெளிப்பான் மணிக்கு 15 மி.மீ. போடுகிறது, களிமண் நனைந்து நிறைந்த பிறகு மணிக்கு 5 மி.மீ. குடிப்பதே பெரிது. 16 மி.மீ.க்கு 64 நிமிடம் ஆகும். அதை 21 நிமிடமாக மூன்று தவணை பிரித்து, நடுவில் ஒரு மணி நேரம் உறிஞ்ச விடுங்கள். 5.00, 6.20, 7.40 என்று ஆரம்பித்தால் காலை 8 மணிக்கு முடிந்துவிடும். இரண்டு இடம் மாற்றுவதையும் இந்தத் தவணைக்குள்ளேயே செய்துகொள்ளலாம். சாயங்காலம் வேண்டாம், இரவு முழுக்க இலை நனைந்தே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். நண்பகலும் வேண்டாம், ஆவியும் காற்றும் கொண்டுபோகும். (துளி லென்ஸ் மாதிரி இலையை எரிக்கும் என்பார்கள். புல் இலையில் அது நடப்பதில்லை.)

இறுகிய மண்ணுக்கு முட்கரண்டி மண்வாரியால் 10 செ.மீ. ஆழத்தில், சாண் இடைவெளியில் குத்தி விடுங்கள். ஊற்றிய மறுநாள், மண் பதமாக இருக்கும்போது மட்டும். துளையில் சலித்த மட்கு உரத்தைத் தூவிப் பெருக்கி விட்டால் போதும்.

வெட்டும் உயரத்தைக் கோடையில் 4 முதல் 5 செ.மீ.க்கு ஏற்றிவிடுங்கள். ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கு மேல் எடுத்தால் வேர் வளர்ச்சி நின்று, மண்ணில் நேரடி வெயில் படும். வெட்டிய தூளை வாராமல் அப்படியே விடலாம். யூரியா கோடை முடியும் வரை தொடாதீர்கள். பச்சை கூடும், கூடவே தாகமும் கூடும்.

---

மணல்மேடு பதில்:

வேர்மட்டம் சொன்னது களிமண்ணுக்குச் சரி. இதைப் படித்துவிட்டு மணல்பாங்கான இடத்தில் மூன்று நாள் இடைவெளி விட்டால் புல் செத்துவிடும், அதனால் எழுதுகிறேன். மணல் 10 செ.மீ.க்கு 6 முதல் 8 மி.மீ.தான் பிடிக்கும். 15 செ.மீ. வேருக்கு அதிகபட்சம் 12, அதில் பாதி 6 மி.மீ. அதாவது ஒன்றரை நாள். அங்கே ஒரே மூச்சில் 16 மி.மீ. ஊற்றினால் பாதிக்கு மேல் வேரைத் தாண்டிக் கீழே போய்விடும், போகும்போது உரத்தையும் கழுவிக்கொண்டு போகும். 'ஆழமாக ஊற்று, இடைவெளி விடு' என்பது எல்லா மண்ணுக்கும் பொது விதி இல்லை. மணலில் கொஞ்சமாக, அடிக்கடி. தவணை பிரிக்கத் தேவையே இல்லை, ஏனென்றால் வழியாது.

மண்ணை அடையாளம் காண ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சில் மாதிரி திரிந்து, வளைத்தாலும் உடையாவிட்டால் களி. உருண்டை பிடித்து, திரிக்கும்போது உடைந்தால் நடுத்தரம். உருண்டையே நிற்காவிட்டால் மணல்.

---

வேர்மட்டம் பதில்:

சரியான திருத்தம். இடைவெளியை மண்தான் முடிவு செய்யும், நாளுக்கு 4 மி.மீ. என்ற செலவு மட்டும் இரண்டுக்கும் பொது.

---

சொட்டுவால்வு பதில்:

மேல்தொட்டிக்குச் சொட்டு நீர் தாராளமாக வேலை செய்யும், ஆனால் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு வராது. டிரிப்பரில் (தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடும் முனை) '4 லிட்டர்' என்று போட்டிருப்பது 1 பார் அழுத்தத்துக்கு, அதாவது 10 மீட்டர் உயரத்துக்கு. உங்களுக்கு 5 மீட்டர், அரை பார். சாதாரண டிரிப்பரில் அழுத்தம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது. ஏறக்குறைய 70 சதவீதம் வரும். 4 லிட்டர் டிரிப்பர் மணிக்கு 2.8 லிட்டர் கொடுக்கும். ஊகிக்க வேண்டாம், கீழே ஒரு டம்ளர் வைத்து 6 நிமிடம் பிடியுங்கள், 10ஆல் பெருக்குங்கள். முதல் டிரிப்பர், நடு, கடைசி மூன்றையும் அளந்தால் லைனில் எங்கே அழுத்தம் விழுகிறது என்றும் தெரியும்.

வாங்கும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, 'அழுத்த ஈடு' டிரிப்பர், அதாவது அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவு விடும் வகை. உள்ளே ரப்பர் சவ்வு இருக்கும். பலவற்றுக்குக் குறைந்தபட்சமே அரை பார் வேண்டும். ஃபில்டரில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்ததும் உங்கள் அழுத்தம் அதற்குக் கீழே போய், ஒன்று சொட்டும், ஒன்று நிற்கும். உங்களுக்குச் சாதாரண டிரிப்பர்தான் சரி. இரண்டு, டைமர். சோலனாய்டு வால்வு (மின்காந்தத்தால் இயங்குவது) உள்ள டைமர் மூடுவதற்கே குழாய் அழுத்தத்தை நம்பியிருக்கிறது. மேல்தொட்டியில் அது முழுதாக மூடாமல் கசியும். பால் வால்வை (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பி மூடும் வால்வு) சின்ன மோட்டார் திருப்பும் வகையைக் கேட்டு வாங்குங்கள், அது அழுத்தமே இல்லாமலும் மூடும். அதிலும் பேட்டரி தீரும் நிலையில் திறந்தபடியே நின்றுபோனால் மேல்தொட்டி முழுக்கக் காலியாகும். கோடை ஆரம்பத்தில் புது பேட்டரி போடுங்கள்.

வரிசை இப்படி: மேல்தொட்டிக் குழாய், பால் வால்வு, 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்ணி) திரை ஃபில்டர், அதன் பிறகு மூன்று கிளை. எலுமிச்சைக்கு ஒன்று, வேலிக்கு ஒன்று, தொட்டிகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. எல்லாவற்றையும் ஒரே லைனில் மாட்டினால் எலுமிச்சைக்குத் தேவையான நேரம் ஓட்டும்போது தொட்டிச் செடி அழுகும். 16 மி.மீ. கறுப்புக் குழாய் உங்கள் நீளத்துக்குப் போதும்.

எலுமிச்சைக்குக் கணக்கு: விரிவு 2.5 மீட்டர் என்றால் பரப்பு 4.9 சதுர மீட்டர். நாளுக்கு 20 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நாளைக்கு 60. அடிமரத்தில் ஒரு டிரிப்பர் வைப்பது வீண். தண்ணீர் குடிக்கும் வேர் அங்கே இல்லை, பட்டை அழுகல்தான் வரும். மரத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி ஒரு வளையம் போடுங்கள். சுற்றளவு 6.3 மீட்டர், அதில் 8 டிரிப்பர், ஏறக்குறைய 80 செ.மீ. இடைவெளி. எட்டும் சேர்ந்து மணிக்கு 22 லிட்டர். 2 மணி 40 நிமிடம் ஓட்டினால் 60 லிட்டர். வேலிக்கு 50 செ.மீ.க்கு ஒன்று.

குழாயை விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். சுருங்கும்போது ஜாயின்ட் கழன்று வரும். பாம்பு மாதிரி கொஞ்சம் நெளிய விட்டு, மேலே சருகு மூடுங்கள். துளையை அதற்கான துளைப்பானால்தான் போட வேண்டும். சூடான ஆணியால் போட்டால் வாய் ஓவலாகி டிரிப்பரைச் சுற்றிக் கசியும்.

அடைப்பு வராமல் இருக்காது, எதனால் என்று தெரிந்தால் போதும். வெள்ளைப் பொருக்கு என்றால் உப்பு. டிரிப்பரைக் கழற்றி ஓர் இரவு வினிகரில் ஊற வையுங்கள். பச்சை வழுவழுப்பு என்றால் மேல்தொட்டிக்குள் வெளிச்சம் படுகிறது, மூடி சரியில்லை. ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகி அந்த ஒன்று மட்டும் எப்போதும் கூடுதலாகக் குடிக்கும். வாரம் ஒரு முறை குழாயின் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் நின்று தெளிவாக வரும் வரை விடுங்கள். ஃபில்டரையும் அப்போதே கழுவுங்கள்.

ஒரு சின்னச் சோதனை: எல்லா வால்வையும் மூடிவிட்டுக் குழாய் முனைகளைப் பாருங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளுக்கு 20 லிட்டருக்கு மேல். உங்கள் எலுமிச்சையின் ஒரு நாள் பங்கு அது.

---

நார்க்கழிவு பதில்:

தொட்டி மதியம் வாடுவதற்குத் தண்ணீர் குறைவு காரணமில்லை. கலவை தண்ணீரைத் தள்ளுகிறது. நார்க்கழிவு ஒரு முறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் எளிதில் நனையாது. அதோடு சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகி நிற்கும். நீங்கள் ஊற்றுவது அந்த இடுக்கு வழியாக இறங்கி அடித்துளையில் வந்துவிடுகிறது. பார்க்க நன்றாக நனைந்த மாதிரி இருக்கும், நடுவில் வேர்க்கட்டி வறண்டே கிடக்கும். ஊற்றிய பத்து வினாடியில் கீழே ஓடினால் இதுதான். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், எடையே இருக்காது.

அகலமான டப்பில் தண்ணீர் பிடித்து, தொட்டியின் பாதி உயரம் மூழ்கும்படி 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். கீழிருந்து ஈரம் ஏறி மேல்பரப்பு கறுத்ததும் எடுத்து வடிய விடுங்கள். டப்பில் மிஞ்சிய தண்ணீர் அடுத்த தொட்டிக்கு. இருபதும் முடிந்ததும் விலகின இடுக்கில் கலவையை நிரப்பி விரலால் அழுத்துங்கள். அதன் பிறகு முழுதாகக் காய விடாமல், எடை பாதியாகும்போதே ஊற்றினால் மறுபடி டப் தேவைப்படாது. அடுத்த முறை மாற்றி நடும்போது மட்கு உரமும் தோட்டமண்ணும் சேருங்கள். தனி நார்க்கழிவு கோடைக்குச் சரிப்படாது.

தொட்டிகளை ஒன்றுடன் ஒன்று ஒட்டி வையுங்கள். மேற்கு வெயில் நேராகச் சுவரில் பட்டால் சின்னக் கறுப்புத் தொட்டியில் ஓரத்து வேர் வெந்துபோகும்; தண்ணீர் இருந்தும் செடி வாடும். மேற்குப் பக்க வரிசைக்கு 50 சதவீத நிழல்வலை, செடிக்கு மேல் இரண்டடி இடைவெளி விட்டு.

மூடாக்கு பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. வேலிக்கும் எலுமிச்சைக்கும் சருகு 7 முதல் 8 செ.மீ. கனம் போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் விட்டு. பச்சைப் புல் வெட்டு என்றால் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கனமாகப் போட்டால் சூடேறிப் பாய் மாதிரி ஒட்டித் தண்ணீரையே இறங்க விடாது. முக்கியமாக, மண்ணை நன்றாக நனைத்த பிறகுதான் மூட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் அந்த வறட்சியைத்தான் பாதுகாக்கிறீர்கள். மேலே தெளிப்பதையும் சருகே குடித்துவிடும். சொட்டுக் குழாய் மூடாக்குக்கு அடியில் இருக்கட்டும்.

துணி துவைக்கும் இயந்திரத்தில் கடைசி அலசல் தண்ணீரை வேலிக்கு விடலாம். முதல் தண்ணீர் வேண்டாம். சோப்பின் சோடியம் களிமண்ணை இன்னும் இறுக்கிவிடும். பிடித்த அன்றே ஊற்றுங்கள், மறுநாள் நாறும். இதைத் தெளிக்கவும் கூடாது, டிரிப்பர் லைனிலும் விடக் கூடாது, பஞ்சு அடைக்கும். ஏசி தண்ணீரில் உப்பே இல்லை, தொட்டிகளுக்கு அருமை. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீர் அதற்கு நேர் எதிர், தொட்டிக்கு ஆகவே ஆகாது.

---

முற்றத்துப்புல் எழுதியது:

மிக்க நன்றி. டப்பா வைத்துப் பார்த்ததில் சீர்மை 0.45. காய்ந்த மூன்று திட்டில் இரண்டு செம்பருத்திக் கிளைக்கு நேர் பின்னால் இருக்கின்றன. மண்துண்டில் ஈரக்கோடு 4 செ.மீ.யில் நிற்கிறது. மூன்றாவது திட்டில் தண்ணீர் நன்றாக விழுந்தும் காய்ந்திருக்கிறது, அது ஏன்? இன்னொன்று: கிடைக்கும் தண்ணீர் இன்னும் பாதியானால் எதை முதலில் கைவிடுவது?

---

வேர்மட்டம் பதில்:

மூன்றாவது திட்டில் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுங்கள். கம்பளம் மாதிரி சுருட்டிக்கொண்டு வந்தால் வேரைப் புழு தின்கிறது. அடியில் வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட புழு தெரியும். பிடி கொடுக்காமல் நின்றால் நீளமான ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். மற்ற இடத்தில் இறங்கி இங்கே மட்டும் இரண்டு அங்குலத்தில் முட்டினால் கீழே கட்டட இடிபாடு இருக்கலாம். அந்த இடத்தைத் தோண்டிக் கல்லை எடுத்து நல்ல மண் நிரப்புவதைத் தவிர வழியில்லை. செம்பருத்திக் கிளையை இன்றே வெட்டிவிடுங்கள்.

பாதியானால் புல்லைத்தான் முதலில் விட வேண்டும், தயங்காமல். எலுமிச்சை போனால் திரும்ப வர வருடக்கணக்கு. அருகம்புல் காய்ந்து பழுப்பானாலும் மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டு உயிரோடு கிடக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 10 முதல் 12 மி.மீ. கொடுத்தால் அது காய்ந்துபோகாமல் நிற்கும். உங்கள் தரைக்கு ஒரு தடவைக்கு 600 முதல் 720 லிட்டர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் வெட்டாதீர்கள், உரம் போடாதீர்கள், ஆட்களை மிதிக்க விடாதீர்கள். ஒரு வாரம் ஊற்றிப் பச்சையாக்கி மறுவாரம் காய விடுவது மட்டும் கூடாது. துளிர்க்கும் ஒவ்வொரு முறையும் சேமிப்பு மாவுச்சத்து கரையும். மூன்றாவது நான்காவது முறை துளிர்க்க அதில் ஒன்றும் மிஞ்சாது.

புல்லுக்குப் பிறகு குறைக்க வேண்டியது செம்பருத்தி. மூன்றில் ஒரு பங்கு கிளையைக் கழித்துவிட்டால் இலைப்பரப்பு குறைந்து தண்ணீர்ச் செலவும் குறையும். பூ கொஞ்ச நாள் இருக்காது. தொட்டிகளில் கைவைக்க வேண்டாம், இருபதுக்கும் சேர்த்தே அவை கேட்பது சொற்பம். எலுமிச்சையின் 60 லிட்டர் கடைசி வரை அப்படியே இருக்கட்டும்.